பிரான்ஸ் போய் வந்த கேமரா

“எங்க வூட்டுக் கேமரா ரெண்டு தடவ பிரான்ஸ்லேருந்து வந்திருக்குதுக்கா. நான் இன்னும் விழுப்புரம் தாண்டல.”

நெல்லித்தோப்பில் பஸ் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்த இரண்டு பெண்களில் இளையவள் இப்படிச் சொன்னதும், நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். ஒட்டுக்கேட்பதற்கு எனக்கு அதுதான் வசதி.

“உன் கொழுந்தன் அங்கேருந்து வாங்கியாந்ததுதானே? எதுக்குடி திரும்பப் போச்சி?”

“பெரியவ காதுகுத்துல எடுத்த படம் பூரா ஒரே புகைக்கா. மாமியார் மூஞ்சும் தெரியல, ஆட்டுக்கடா மூஞ்சும் தெரியல. கேரண்டி முடியறதுக்குள்ள கொழுந்தன்கிட்டயே குடுத்தனுப்பினோம். இந்த லீவுலதான் எடுத்தாந்தாரு.”

“என்னா கோளாறாம்?”

“ஒண்ணுமில்லயாம். லென்ஸ் மேல பிளாஸ்டிக்கு ஒட்டியிருந்திச்சி. அத உரிச்சா கேரண்டி செல்லாதுன்னு எங்க வூட்டுக்காரரு அப்படியே வெச்சிருந்தாரு. கடைக்காரன் உரிச்சிக் குடுத்துட்டான்.”

“அடிப்பாவி! இப்ப படம் தெளிவா வுழுதா?”

“மாமியார் மூக்குத்தி கூடத் தெரியுதுக்கா. நாளைக்குச் சின்னவளுக்குக் காதுகுத்து. அதான் ஃபிலிம் வாங்கிக்கினு போறேன்.”

“அந்தப் பிளாஸ்டிக்கு?”

“அதையும் கொழுந்தன் கேட்டு வாங்கியாந்துட்டாரு. பீரோவுல பத்திரமா இருக்குது. காதுகுத்து முடிஞ்சதும் மறுபடி ஒட்டிடணும்.”

மூலக்குளத்தில் இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். நானும் சிரித்தபடி மணி பார்த்தேன். முள் மங்கலாகத்தான் தெரிந்தது. வாங்கி மூன்று வருஷம் ஆகியும், என் வாட்ச் கண்ணாடி மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை நான் இன்னும் உரிக்கவில்லை.