ஜெசிந்தா நாற்காலி

ஆறு பதினேழு... மார்ச் ஒம்பதாம் தேதி காலைல ஆறு பதினேழுக்கு டாக்டர் வெளிய வந்து சொன்னாரு, என் மனைவி ஜெசிந்தா தவறிட்டான்னு. நான் அழல. சுவத்துக் கடிகாரத்தப் பார்த்து நேரத்தக் குறிச்சுக்கிட்டேன். சவுண்டு இன்ஜினியர் புத்தி, வேற என்ன!

பயப்படாதீங்க. இசைத் திருவிழாவுல வந்து அழுது வடிய மாட்டேன். நேத்து நடந்த ஒரு குட்டி சம்பவம். சுடச்சுடச் சொல்லிடறேன், கேப்பீங்கள்ல?

முதல்முறையா வந்தவங்களுக்குச் சொல்றேன்... இந்த ஷோரோ, பிரேசில் நாட்டு இசை. மேடை கிடையாது. நடுவுல மேஜை, சுத்தி நாற்காலி. பாட்டு தெரிஞ்ச யாரும் காலி நாற்காலில உக்காந்து வாசிக்கலாம். ஒருத்தர் வேகம் எடுத்தா இன்னொருத்தர் துரத்தணும். ஒருத்தர் கால வாரினா இன்னொருத்தர் திருப்பி வாரணும்! இந்தக் கூத்த நம்ம புதுச்சேரிக்குக் கொண்டு வந்தது யாரு? மேண்டலினும் கையுமா ஜெசிந்தா! மூணு வருஷம், இதே தெரு, இதே மேஜை!

இந்த வருஷம் அவ இல்ல. நான் என்ன பண்ணேன் தெரியுமா? போன வருஷப் பதிவுல இருந்து அவ மேண்டலின மட்டும் தனியாப் பிரிச்சேன். ராப்பகலா நாலு மாசம்! அவ நாற்காலில ஒரு ஸ்பீக்கர வெச்சு, கயித்தால கட்டினேன். நேத்து ஒத்திகை. பாட்டு ஆரம்பிச்சுது... அய்யோ, அவளேதான்! புல்லரிச்சுப் போச்சுங்க!

பாண்டேரு வாசிக்கிற தில்லை அண்ணன் இருக்காரே... பாண்டேருன்னா நம்ம கஞ்சிராவ விடப் பெருசு, ஜல்ஜல்லுன்னு இருக்கும்... அவரு திடீர்னு வேகத்த ஏத்துனாரு. ஸ்பீக்கர் ஏறல. இன்னும் ஏத்துனாரு. ம்ஹூம்!

"தம்பி, நிறுத்து."

"என்னண்ணே, சத்தம் பத்தலையா?"

"சத்தம் பிரமாதம். ஆனா நான் இவ்ளோ வம்பிழுக்கறேன், நம்ம ஜெசிந்தா திரும்பிக்கூடப் பாக்கலயே!"

"ரெக்கார்டிங்குண்ணே அது. நீங்க ஒரே வேகத்துல வாசிங்க. வேகம் மாறாம இருக்க, காதுல தாளத்துக்கு க்ளிக் சத்தம் குடுத்துடறேன்."

"ஜெசிந்தாகூட ஒரே வேகத்துலயா? அவ விட்டிருவாளா? போன வருஷம் என் கட்டைவிரல்ல ரத்தம் வரவெச்சவ!"

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குக் கோவம். "அப்ப அவளத் தூக்கி வெளிய போடச் சொல்றீங்களா?"ன்னு கத்திட்டேன்.

அப்ப பின்னாடி ஒரு குரல். பவானி அக்கா. லாஸ்பேட்டைல தையல் கடை. ஜெசிந்தாவுக்கு பிளவுஸ் தச்சுக் குடுத்து, பதிலுக்கு மேண்டலின் கத்துக்கிட்டவங்க. மேண்டலின் பையத் தோள்ல மாட்டிக்கிட்டு நின்னு, மெதுவாக் கேட்டாங்க.

"தம்பி... அந்த நாற்காலி காலியா?"

என்ன சொல்லுவீங்க? நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க? அஞ்சு மாசத்துல இவ்ளோ கஷ்டமான கேள்விய எங்கிட்ட யாரும் கேக்கல. குனிஞ்சேன். கயித்த அவுத்தேன். ஸ்பீக்கரத் தூக்கிக் கீழ வெச்சேன்.

"காலிதாங்கக்கா... உக்காருங்க."

உக்காந்தாங்க. முதல் வரியே தப்பு! தில்லை அண்ணன் விடுவாரா? வேகத்த ஏத்துனாரு. அக்கா தடுமாறுனாங்க. மறுபடி ஏத்துனாரு, மறுபடி தடுமாறுனாங்க. மூணாவது தடவ... அக்கா ஏத்துனாங்க பாருங்க! அண்ணன் கை பின்னிக்கிச்சு! "யம்மாடி!"ன்னு அலறுனாரு. நானும் கத்துனேன்... "விடாதீங்கக்கா! விடாதீங்க!" அது என் குரலான்னு எனக்கே தெரியல!

எதுக்கு இதச் சொல்றேன்? நான் நாலு மாசமாப் பிடிச்சு வெச்சது அவ சத்தத்தங்க. அவ நமக்குக் குடுத்தது வேற. எதிர்ல இருக்கறவங்க வாசிக்கறதக் கேட்டு, அதுக்குப் பதில் வாசிக்கறது! அதுக்கு ஆளு வேணும். மூச்சு விடற, தப்பு பண்ற ஆளு. உங்க வீட்லயும் இப்படி ஒரு நாற்காலி இருக்கலாம். யாராவது வந்து கேட்டா காலின்னு சொல்லுங்க. கஷ்டமாத்தான் இருக்கும்... இருக்கட்டும், சொல்லுங்க.

பவானி அக்கா வந்தாச்சு. ரெடியா தில்லை அண்ணே? எல்லாரும் மேஜைகிட்ட நெருங்கி வாங்க. இன்னிக்கு யாரும் எதையும் பதிவு பண்ண வேணாம். நான் என் போன ஆஃப் பண்ணிட்டேன்.