ஒரு நிமிடம் யாரும் பேசாத வீடு

காலைப் பேருந்து பாம்பன் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சமுதாயக் கல்லூரியில் வானொலி நிகழ்ச்சி தயாரிக்கப் படிக்கிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது. கழுத்தில் ஹெட்போன் மாட்டியிருந்தவள் சொன்னாள்:

“நேத்து எங்க வீட்டு அமைதிய ரெக்கார்டு பண்ணுனேன்டி.”

“அதை எதுக்குடி?”

“எடிட்டிங்ல பேச்சை வெட்டுனா நடுவுல ஓட்டை விழுகும்ல, அதுல போட. எல்லாரையும் ஒரு நிமிஷம் வாயை மூடச் சொல்லி எடுத்தேன். கேட்டா, அடியில டுக்குடுக்குன்னு ஒரு சத்தம். கெட்டுப்போச்சேன்னு அழிக்கப் போனேன். அம்மா ஹெட்போனை வாங்கி மாட்டுச்சு. மாட்டுன உடனே, ‘உங்கப்பா போட்டு இஞ்சின்டி, கரைக்குத் திரும்புது’ன்னுச்சு.”

“அம்புட்டு போட்டுல அதை எப்படிடி கண்டுபிடிச்சாங்க?”

“‘தினமும் கேக்குறதுதானே’ன்னுச்சு. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. நான் மைக்கு வச்சாத்தான் கேக்குது. அம்மா அடுப்படியில மீன் ஆஞ்சுக்கிட்டே இத்தனை வருசமாக் கேட்டிருக்கு.”

பாலத்துக்குக் கீழே நாலைந்து படகுகள் போய்க்கொண்டிருந்தன. இருவரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

“அப்ப வேற எடுக்கணுமா?”

“அப்பா போட்டு சத்தம் கேக்காத தூரத்துல கடல்ல இருக்கையில எடுக்குறேன்னு சொன்னேன். அம்மா விடல. ‘அந்தச் சத்தம் இல்லாத வீட்டை நீ பிடிச்சு வைக்காத’ன்னுருச்சு.”