குடும்பத்துக்கு மட்டும்

பால்வண்ணநாதன்: ஒரே ஒரு கையெழுத்துலே பெருமாள்! அதுக்கு எம்புட்டு நேரம் ரோசனை? இன்னைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துரும். அதுக்கு முன்ன ரிஜிஸ்தர் ஆபீஸ்ல நிக்கணும்.

பெருமாள்: நான் வரல்ல அண்ணே.

பால்வண்ணநாதன்: வரல்லையா... பின்ன எதுக்குச் சட்டைய மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கே?

பெருமாள்: பள்ளிக்கூடத்துக்கு.

பால்வண்ணநாதன்: லீவு எழுதிக் குடுத்தாச்சுன்னு நேத்துதானலே சொன்னே?

பெருமாள்: குடுத்தேன்... ராத்திரி பூரா மனசு கேக்கல்ல.

இராமலட்சுமி: அண்ணனும் தம்பியும் காப்பியக் குடிச்சுட்டுச் சண்டை போடுங்க. ஆறிப்போச்சுன்னா மறுபடி போட எனக்குத் தெம்பில்ல.

பால்வண்ணநாதன்: நீ உள்ள போ. இது சொத்துப் பேச்சு.

இராமலட்சுமி: கல்யாணமாகி வந்ததுல இருந்து வருசா வருசம் குற்றாலத்து பங்களாவுல ஒட்டடை அடிச்சவ நான். எனக்குப் பேச்சு இல்லையாக்கும்? இந்தா, உக்காந்துட்டேன். நீங்க சொல்லுங்க கொழுந்தனாரே.

பெருமாள்: பங்களாவ விக்கட்டும் மதினி. நான் வேண்டாங்கல்ல. பின்னால கிடக்க எண்ணெய்க் கொட்டகைய மட்டும் விட்டிரச் சொல்லுங்க. ரோட்டுல இருந்து பாத்தா அது தெரியக்கூடச் செய்யாது.

பால்வண்ணநாதன்: அதைத்தான் முதல்ல இடிக்கணும்னு மதுரைப் பார்ட்டிக்குச் சொல்லியிருக்கேன்.

பெருமாள்: நீங்களா சொன்னீய?

பால்வண்ணநாதன்: நான்தான். மூணு மாடி ஓட்டல் வருது. ரூமுக்கு ரூம் டிவி. கார் நிறுத்த இடம் வேண்டாமா?

இராமலட்சுமி: ஐய... அந்த ஏசுதாசன் எங்க போவான்? அவன் எண்ணெய் தேச்சுவிட்டாத்தானே அடுப்பு எரியும்?

பால்வண்ணநாதன்: எண்ணெய் தேய்க்க அருவிக்கரை பூரா இடம் கிடக்கு. அந்தக் கொட்டகைக்கு வாறவன் எல்லாம் எண்ணெய் தேய்க்கவா வாறான்? பொழுது சாஞ்சா விளக்கப் பொருத்தி, ரேடியோவ வச்சுக்கிட்டு... ஒருத்தன் சேலை கட்டி ஆடுதானாம். ஆம்பளையும் ஆம்பளையும் புருசன் பொண்டாட்டி கணக்கா... சீ! லட்சுமி, நீ காதப் பொத்திக்கோ.

இராமலட்சுமி: பொத்திக்கிட்டேன். மேல சொல்லுங்க.

பெருமாள்: அவங்க யாருக்கு என்ன கெடுதல் பண்ணினாங்க அண்ணே?

பால்வண்ணநாதன்: வாசக்கல்லுல நம்ம தாத்தா பேரு வெட்டியிருக்குலே. அந்தப் பேரத் தாண்டித்தானே உள்ள போறானுவ? பஸ் ஸ்டாண்டுல 'பிள்ளைவாள் கொட்டகை'ன்னு சொல்லிச் சிரிக்கான். கோயில்ல பரிவட்டம் கட்டுத தலை இது. அந்தத் தலையத் தூக்கிக்கிட்டு நான் தென்காசி ரதவீதியில நடக்கணுமா வேண்டாமா?

பெருமாள்: அவங்களுக்கு வேற போக்கிடம் இல்ல. முன்ன செங்கோட்டை ரோட்டுல டூரிங் டாக்கீசுக்குப் பின்னால கூடுவாங்க. அது கல்யாண மண்டபம் ஆயிட்டு. அருவிக்குப் போற வழியில பாழடைஞ்ச சத்திரம் ஒண்ணு கிடந்துச்சு. அங்கன இப்ப கண்ணாடி மாட்டி ஐஸ்கிரீம் விக்கான். லாட்ஜுக்காரன் ஒவ்வொருத்தனும் 'குடும்பத்துக்கு மட்டும்'னு போர்டு எழுதித் தொங்கவிட்டுட்டான். மிஞ்சினது நம்ம கொட்டகைதான்.

பால்வண்ணநாதன்: இம்புட்டு விவரம் உனக்கு எப்படித் தெரியும்?

பெருமாள்: ...ஏசுதாசன் சொல்லுவான்.

இராமலட்சுமி: சீசன் பூரா தம்பிதானே அங்கன மேற்பார்வைக்குக் கிடக்காரு. நீங்கதானே அனுப்பி வைக்கீய.

பால்வண்ணநாதன்: அனுப்பினேன். சரி. நான் அந்தப் பக்கம் போயே வருசக்கணக்காச்சு. ஊர்ல சொல்லுததக் காதுல வாங்கிச் சொல்லுதேன். எனக்கு வேற என்ன தெரியும்?

பெருமாள்: கடையத்துல இருந்து ஒரு தபால்காரர் வருவாரு. பேரு வேண்டாம். பிள்ளைகுட்டிக்காரர். ஊர்ல அவருக்கு வாய் இருக்கதே யாருக்கும் தெரியாது. கொட்டகைக்குள்ள வந்து உக்காந்தாருன்னா... சப்-கலெக்டர் மாதிரி நடந்து காட்டுவாரு பாருங்க, வயிறு வலிக்கச் சிரிப்போ... சிரிப்பாங்க.

பால்வண்ணநாதன்: ...காப்பியக் குடி. ஆடை படியுது.

பெருமாள்: போன வருசம் அவரு சொன்னாரு, இந்த ஒரு மாசத்துக்காக மிச்சப் பதினோரு மாசமும் சைக்கிள் மிதிக்கேன்னு.

பால்வண்ணநாதன்: மிதிக்கட்டும். நம்ம இடத்துல வந்து இறங்க வேண்டாம்.

பெருமாள்: ஒண்ணு கேக்கேன். புது ஓட்டல்லயும் அந்த போர்டு வருமா?

பால்வண்ணநாதன்: வரும். நான்தான் பேசும்போதே கேட்டு வாங்கினேன். பெண்டு பிள்ளையோட வாறவனுக்குத்தான் ரூம். தனி ஆம்பளைக்கு வாசல்லயே இல்லைன்னுரணும். இனிமே ஒரு பய நம்ம இடத்தப் பத்தி வாய் திறக்கப்படாது.

இராமலட்சுமி: அப்ப நம்ம தம்பி?

பால்வண்ணநாதன்: அவனுக்கென்ன?

இராமலட்சுமி: சாரல் விழுந்தா இவர் எங்க போய்த் தங்குவாரு? பெண்டும் இல்ல, பிள்ளையும் இல்ல. நம்ம தாத்தா கட்டின இடத்து வாசல்ல நிறுத்தி வச்சு, எவனோ கேப்பாம்லா, உம்ம குடும்பம் எங்க வேய்னு! இத நினைக்கல்லையோ?

பால்வண்ணநாதன்: அவன்... அவன் நம்ம கூட வரட்டும். நாம குடும்பந்தானே?

பெருமாள்: உங்க கூடத்தான் வருசம் பூரா இருக்கேனே அண்ணே.

பால்வண்ணநாதன்: என்னலே இப்படிச் சடைஞ்சுக்கிடுதே? இந்த வீட்டுல உனக்கு என்ன குறை வச்சேன்? புளியங்குடியில பொண்ணு பாத்தோம், வேண்டாம்னே. வீரகேரளம்புதூர்ல பாத்தோம், அதையும் வேண்டாம்னே. சரின்னு விட்டேன். ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா?

பெருமாள்: கேக்கல்ல.

பால்வண்ணநாதன்: ஒரு நாளாவது?

பெருமாள்: ஒரு நாளும் கேக்கல்ல அண்ணே.

இராமலட்சுமி: அடுப்புல பால் கிடக்கு. நான் வாறேன்.

பால்வண்ணநாதன்: பாலெல்லாம் விடியக்காலமே காச்சியாச்சே?

இராமலட்சுமி: கிடக்குங்கேன்லா! நீங்க பேசுங்க.

பால்வண்ணநாதன்: மணி என்ன ஆகுது?

பெருமாள்: பத்தாகப் போகுது. எந்திரிங்க, போவோம்.

பால்வண்ணநாதன்: எங்க?

பெருமாள்: ரிஜிஸ்தர் ஆபீசுக்கு. மதுரைக்காரருக்குக் கோயில்ல வச்சுத்தானே வாக்குக் குடுத்தீய? என்னால அது பொய்யாகப்படாது. போட்டுத் தாறேன்.

பால்வண்ணநாதன்: மனசாரச் சொல்லுதியாலே?

பெருமாள்: மனசு கிடக்கட்டும். கையெழுத்துத்தானே வேணும்?

பால்வண்ணநாதன்: கோவமா ரெண்டு வார்த்தை ஏசேன். எவனா இருந்தாலும் இன்னேரம் ஏசியிருப்பான். நீ இப்படிப் பேசாம எந்திரிச்சா... எனக்கு உன்ன நிமுந்து பாக்க முடியல்ல.

பெருமாள்: ஏசி என்ன அண்ணே ஆகப்போகுது? மேல்துண்ட எடுத்துக்கோங்க.

பால்வண்ணநாதன்: ஏசுதாசனுக்கு நான் வேற எங்கயாவது ஒரு இடம்...

பெருமாள்: அவன் பிழைச்சுக்கிடுவான். எண்ணெய் தேய்க்க அருவிக்கரை பூரா இடம் கிடக்குன்னு நீங்கதானே சொன்னீய.

பால்வண்ணநாதன்: குத்திக் காட்டாதலே.

பெருமாள்: குத்தல்ல அண்ணே. அவனுக்கு இடம் இருக்குன்னு சொல்லுதேன்.

பால்வண்ணநாதன்: ...செத்த நில்லு. இத நான் உங்கிட்ட நேருக்கு நேரா உக்காந்து பேசியிருக்கணும். உன் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை கேக்கத் துப்பில்லாமத்தான்லே கட்டடத்துக்கு விலை பேசினேன்.

பெருமாள்: இப்பக் கேளுங்க.

பால்வண்ணநாதன்: வேண்டாம்.

பெருமாள்: சும்மா கேளுங்க அண்ணே. மதினி அடுப்படியில இருக்காங்க. வேற யாரும் இல்ல.

பால்வண்ணநாதன்: போன ஆடியில... ஒரு நாள் சாயந்தரம் மழை அப்படி ஊத்திச்சே. கூரை எல்லாம் ஒழுகி, உள்ள எல்லாருமே சிரிச்சுக்கிட்டு... நீயும் சிரிச்சுக்கிட்டு... உன் சத்தம் தனியாக் கேட்டுச்சுலே. அம்புட்டு மழையில கொட்டகைக் கதவ ஏன்லே மூடாம திறந்து போட்டிருந்தே?

பெருமாள்: நீங்க பலாமரத்தடியில நனைஞ்சுக்கிட்டு நிக்கது தெரிஞ்சுது அண்ணே. உள்ள வந்திருவீயன்னுதான் திறந்து வச்சேன்.