பந்தில் வந்த தீட்டு

மலேசியாவில் குருண் டவுனில் அலோர் ஸ்டார் போகும் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இருந்த ஒருத்தி பக்கத்து அக்காவிடம் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரு தீட்டுன்னு சொல்லி சாமி கும்பிட மாட்டேங்கிறாரு."

"யாரு செத்தது?"

"யாரும் சாகலைக்கா. அவரு டீம் காற்பந்துல தோத்துருச்சி. அடுத்த ஆட்டத்துல ஜெயிக்கிற வரைக்கும் வீட்டுல நல்ல காரியம் கூடாதாம்."

"ஞாயித்துக்கிழமை ஒம் மகளைப் பொண்ணு பாக்க வர்றாங்களே?"

"நீங்களாவது அவருக்குச் சொல்லுங்கன்னு மாப்பிள்ளையோட அப்பாவுக்குப் போன் போட்டேன். அவருக்கும் அதே டீமாம். அவங்க வீட்டுலயும் தீட்டாம்."



"அப்ப சனிக்கிழமை ஆட்டத்துல ஜெயிச்சே ஆவணும். கோயில்ல அர்ச்சனை பண்ணு லா."

"அதுக்குத்தான் போறேன்கா. டீமோட நட்சத்திரம்தான் தெரியலை."