பச்சை மூடி பாட்டில்

எலுமிச்சம்பழத்தைப் பேரம் பேசி வாங்குவதில் நான் கெட்டிக்காரன், இன்ஸ்பெக்டர் மேடம். மயிலாப்பூர் மார்க்கெட்டில் கேட்டுப் பாருங்கள், லியோனார்ட் மாஸ்டர் என்றால் தெரியும்.

நந்தனம் மைதானத்தில் பன்னிரண்டு பெண்களுக்கு ஓட்டப் பயிற்சி தருகிறேன். அவர்கள் குடிக்கும் எனர்ஜி டிரிங்குக்கு ஒரு புண்ணியவான் மாதாமாதம் பணம் கொடுத்தார். கடையில் ஒரு பாட்டில் நாற்பது ரூபாய். பொடி வாங்கிக் கரைத்தால் பதினைந்து. எலுமிச்சை, உப்பு, நாட்டுச் சர்க்கரை போட்டு வீட்டிலேயே கலக்கினால் நாலு. களைப்புக்கு மூன்றும் ஒன்றுதான். காலி பாட்டில்களில் வீட்டில் கலக்கியதை ஊற்றி வைத்தேன். மிச்சப் பணம் என் பையில் தங்கியது.

கயலுக்கு மட்டும் தனி பாட்டில். பச்சை மூடி, 'சர்க்கரை சேர்க்காதது' என்று அச்சடித்தது, விலை அறுபது. பதினைந்து வயதிலேயே தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பெண் அவள். அவள் அம்மா பொன்மணி முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணுக்கு சுகர் கீது சார். நீங்கதான் பாத்துக்கணும்."

அந்த பாட்டிலிலும் நான் வீட்டில் கலக்கியதைத்தான் நிரப்பினேன். வெள்ளைச் சர்க்கரை போடவில்லை. நாட்டுச் சர்க்கரை சுகர்காரர்களை ஒன்றும் செய்யாது என்று எங்கள் சர்ச்சில் பலரும் சொல்வார்கள். அதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

மூன்றாம் நாள் கயல் கேட்டாள். "இதுல சக்கரை இல்லல்ல சார்?"

"பாட்டில்ல என்ன போட்டிருக்கு, படிம்மா."

படித்துவிட்டுக் குடித்தாள்.

அடுத்த வாரம் அவளுக்குத் தாகம் அடங்கவே இல்லை. இன்னொன்று கேட்டாள், கொடுத்தேன். ஒரே நாளில் நாலு பாட்டில்கூடக் குடித்தாள். உடம்பு இளைத்தது. ஓட்டக்காரிக்கு அது நல்லது என்று பாராட்டினேன். வீட்டில் சுகர் பார்க்கும் மெஷினுக்கான ஸ்ட்ரிப் தீர்ந்துவிட்டது என்று அவளே சொல்லியிருந்தாள். அதுவும் எனக்குத் தெரியும்.

பத்தாம் நாள் மைதானத்தில் விழுந்தாள். என்ன குடித்தாள் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். பொன்மணி என்னைப் பார்த்தார். நான் பச்சை மூடி பாட்டிலை எடுத்துக் காட்டினேன்.

"சாரு பாத்துப் பாத்துக் குடுத்தாரு டாக்டர்" என்றார் அந்த அம்மா.

மறுநாள் மதியம் கயல் இறந்துவிட்டாள். அந்த அம்மா சொன்னதை நினைத்தால் இன்றும் சோறு இறங்கவில்லை. பாவி நான்தான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அந்தப் பெண்ணிடம் நான் பொய் சொன்னதில்லை. படி என்றுதான் சொன்னேன்.