பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு

— முடியாதுன்னா முடியாதுதான் சிஸ்டர். உயிரோட இருக்கறவங்க பேரை நினைவுக் கல்லுல வெட்டச் சொல்றீங்களே, கேக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?

— சிரிக்கட்டுமே! இந்தக் கவர்மென்ட் ஆபீஸு காம்பவுண்டுக்குள்ள எவன் மூஞ்சில சிரிப்ப பாத்துருக்கோம்? தோ பாரு எஞ்சினியரம்மா, நான் ஒண்ணும் மாளிகை கேக்கல. எங்க ஊட்டுக்காரரு பேரு நாலாவது கல்லுல வருது. சகாயநாதன், ஆம்புலன்ஸ் ஓட்டுநர். அதுக்குக் கீழ ஒரே வரி. சூசைமேரி, பொறந்த வருஷம், பக்கத்துல ஒரு கோடு. கோட்டுக்கு அந்தாண்ட காலியா உடு. நான் போனதும் எவனாவது வந்து மிச்சத்த வெட்டிக்குவான்.

— ஐயய்யோ, வாயக் கழுவுங்க. காலங்காத்தால என்ன பேச்சு இது!

— என்னாம்மா பேச்சு? ஆஸ்பத்திரில நர்ஸா முப்பது வருஷத்துக்கு மேல குப்ப கொட்டினவ நான். சாவுன்னா எனக்கு அடுத்த ஊட்டுக்காரி மாதிரி. நீ பயப்படற, நான் பயப்படல. அவ்ளோதான்.

— பயமா? எனக்கா? இந்த எடம் எப்படிக் கெடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். ஓட்டத்துக்கு ஆவாதுன்னு கண்டம் பண்ண ஜீப்புங்க துருப்புடிச்சு, உள்ள நாய் குட்டி போட்டு வெச்சிருந்துச்சு. அத அப்புறப்படுத்தினேன். பைக் நிறுத்த எடம் போச்சுன்னு ரெண்டு சங்கத்துக்காரங்களும் சேர்ந்து கொடி புடிச்சாங்க. வேற எதுக்கும் ஒண்ணு சேராதவங்க அதுக்குச் சேர்ந்தாங்க. அவங்களையும் சமாளிச்சேன். கொரோனாவுல டூட்டி பாத்து செத்துப்போன ஊழியருங்களுக்கு ஒரு பூங்கா வேணும்னு நாயா அலைஞ்சு, தோ, நிக்குது. ஞாயித்துக்கெழம திறப்பு விழா. இப்பப்போய் நீங்க வந்து கோடு போடுங்கறீங்க.

— யாரு இல்லன்னா? நல்லாத்தான் கட்டியிருக்க. பூவரச மரத்த வெட்டாம வழிய வளைச்சி உட்ட பாரு, அதுக்கே உனக்கு மோட்சம். அதனாலதான் உங்கிட்ட கேக்கறேன். மேல இருக்கறவங்களையும் கேட்டுட்டேன், எஞ்சினியரு சரின்னா எங்களுக்குச் சரின்னுட்டாங்க. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க!

— பூசாரியே சொல்றேன், முடியாது. உங்களுக்கு ஒண்ண செஞ்சா நாளைக்கி எல்லாரும் வருவாங்க. எங்கப்பா பேரும்தான் ரெண்டாவது கல்லுல இருக்குது. ஜானகிராமன், பம்ப் ஆபரேட்டர். ஊரே கதவச் சாத்திக்கிட்டு இருந்தப்ப ஆஸ்பத்திரிக்குத் தண்ணி நிக்கக்கூடாதுன்னு பம்ப் ஹவுஸ்லயே படுத்துக் கெடந்த மனுஷன். அவருக்குக் கீழ எங்கம்மா பேர வெட்டறேன்னு சொன்னா, எங்கம்மா வெளக்குமாத்த எடுத்துக்கிட்டு நெல்லித்தோப்புலருந்து நடந்தே வந்துடுவாங்க.

— உங்க வழக்கம் வேற, எங்க வழக்கம் வேறம்மா. எங்க குடும்பக் கல்லறை உப்பளம் கல்லறைத் தோட்டத்துல இருக்குது. எங்க மாமனாரு பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு. சைகோன்ல சம்பாரிச்ச காசுல அந்த எடத்த வாங்கிப்போட்டாரு. அதுல புருஷன் பேரு வெட்டறப்பவே பொண்டாட்டி பேரையும் வெட்டிடுவோம். எங்க மாமியாரு ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் போயி தன் பேரத் தானே தேச்சிக் கழுவுவாங்க. எழுத்து மங்கிப்போச்சுன்னு பெயின்டு வேற அடிப்பாங்க. என்னா ஆயுசு தெரியுமா அவங்களுக்கு? எங்கள எல்லாம் ஆட்டி வெச்சிட்டுத்தான் போனாங்க.

— சரி, நல்ல வழக்கந்தான். அப்ப அங்கயே வெட்டிக்குங்களேன். சொந்தக் கல்லறை, சொந்தக் கல்லு. யாரையும் கெஞ்ச வேணாம்.

— வெட்டியாச்சே. அவரு போன கையோட வெட்டியாச்சு. அவரு பேருக்குப் பக்கத்துலயே.

— பின்ன என்ன? ஒரு ஆளுக்கு ரெண்டு எடத்துல கோடா? பேராசை சிஸ்டர் உங்களுக்கு.

— பேராசைதான். வெச்சிக்கோ.

— இங்க பாருங்க, கோவிச்சிக்காதீங்க. ஒரு மரம் நடுங்க. மகிழம்பூ கன்னு நானே வாங்கித் தரேன். கீழ உங்க பேரு போட்டு அழகா ஒரு பலகை வெச்சிடறேன்.

— மரத்த ஆடு மேஞ்சிட்டுப் போவும்.

— பெஞ்சு? சிமென்ட் பெஞ்சு ஒண்ணுல உங்க பேரு?

— அதுல ஆபீஸுக்காரன் ஒக்காந்து மசாலா வட துன்னுட்டு எண்ணெக் கைய என் பேருல தொடைப்பான். எனக்குக் கல்லு வேணும். அவரு பேருக்குக் கீழ வேணும். வேற எதக் காட்டியும் என்னை ஏமாத்த முடியாது.

— ஏன் சிஸ்டர் இவ்ளோ பிடிவாதம்? காரணத்தச் சொல்லுங்க. நியாயமா இருந்தா நான் யார்கிட்ட வேணும்னாலும் பேசறேன்.

— டோனிய அந்த மெஷின நிறுத்தச் சொல்லு. கல்லு அறுக்கற சத்தத்துல கத்திப் பேசற விஷயம் இல்ல இது.

— டோனி அண்ணே! செத்த நிறுத்துங்க. டீ சாப்ட்டு வாங்க... ம், சொல்லுங்க.

— உப்பளத்துல அவரு இல்ல.

— புரியல.

— கல்லறைல பேரு இருக்குது. ஆளு இல்ல. உள்ள இருக்கறது வேற யாரோ.

— என்ன சிஸ்டர் சொல்றீங்க?

— ரெண்டாவது அலைல செத்தாரா? மூஞ்சியக் காட்ட முடியாதுன்னுட்டாங்க. பையில கட்டி வண்டில ஏத்தினாங்க. அன்னிக்கி விடியக்காலம் ரெண்டு வண்டி ஒண்ணா கெளம்பிச்சு. ஒண்ணு சுடுகாட்டுக்கு, ஒண்ணு எங்களுக்கு. உப்பளத்துல எறக்கறப்பதான் பாத்தேன். எங்க ஊட்டுக்காரரு ஆறடி. படுத்தா காலு கட்டில தாண்டி நீட்டிக்கினு இருக்கும். அந்தப் பை கால் மாட்டுல காலியா மடிஞ்சி கெடந்துது.

— ஐயோ... அப்புறம்?

— சாமியாரு செபம் சொல்லிக்கினு இருக்காரு. நான் குனிஞ்சி கால் பக்கம் ஜிப்ப தெறந்துட்டேன். கவச டிரஸ் போட்ட பசங்க கத்தினாங்க. போங்கடா, நான் நர்ஸுன்னேன். பாத்தேன். அது அவரு காலு இல்ல. சேத்துலயும் தண்ணிலயும் நின்ன காலு. குதிகால் பூரா வெடிப்பு.

— அப்பவே சத்தம் போட வேண்டியதுதானே! யாரையாவது கூப்பிட்டு...

— போட்டேன். ஆஸ்பத்திரிக்கு போனு போட்டேன். அந்த வண்டி போய்ச் சேந்து எரிய ஆரம்பிச்சாச்சுன்னாங்க. ஆளு மாறிப்போச்சான்னு கேட்டா, அப்படியெல்லாம் மாறாதும்மா, உங்க மனப்பிராந்தின்னாங்க. யாரு குடும்பம்னு சொல்லமாட்டேன்னுட்டாங்க. எரிஞ்சத எந்தத் தொர திருப்பிக் கொண்டாந்து தருவான்? ஜிப்ப மூடினேன். பெரியவரே, நீங்க யாரோ எவரோ, வந்த எடத்துல நிம்மதியா இருங்கன்னு ஒரு பிடி மண்ணு போட்டேன். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குப் பூ வெக்கறேன், மெழுகுத்திரி ஏத்தறேன். அதுல கொறை வெக்கல.

— சிஸ்டர்...

— இரு, முடிச்சிடறேன். பெரியவருக்குப் பூ வெக்கறது வேற. காலம் பூரா அவரு பக்கத்துல போயிப் படுக்கறது வேற. நான் ஒருத்தனுக்குத்தான் கழுத்த நீட்டினேன். அங்க பேரு வெட்டினது வெட்டினதுதான், சொந்தக்காரனுங்க அங்கதான் பொதைப்பானுங்க. ஆனா இந்தப் பூங்காவுல யாரு ஒடம்பும் இல்ல பாரு. எல்லாருக்கும் வெறும் பேருதான். அப்ப எங்க ஊட்டுக்காரரு இருக்கற எடம்னு உலகத்துல இது ஒண்ணுதான். என் பேரு இங்க அவரு கூட இருக்கணும். இப்ப சொல்லு, பேராசையா?

— இல்ல. இல்ல சிஸ்டர். தப்பா பேசிட்டேன்.

— அழுவாத. நானே அழுவறத நிறுத்தி எத்தினியோ நாளாச்சு.

— அந்தக் கால்ல... வேற ஏதாவது இருந்துச்சா?

— எதுக்குக் கேக்கற?

— சொல்லுங்க. சும்மா சொல்லுங்க.

— ஆஸ்பத்திரில அடையாளத்துக்குக் கட்டியிருந்தாங்க. எனக்கே விசித்திரமாத்தான் இருந்துது. நம்பர் போட்ட பட்ட கட்டுவாங்க, இது ஆபீஸுல ஃபைலு கட்டற பச்ச டேக்கு. ரெண்டு முனைலயும் தகரம் வெச்சிருக்குமே, அது. கணுக்கால்ல மூணு சுத்து சுத்தி முடிச்சி போட்டு... என்னாம்மா? ஏன் ஒக்காந்துட்ட? ஏ பொண்ணு! தண்ணி குடி. தோ, குடி.

— அது ஆஸ்பத்திரி கட்டினது இல்ல.

— பின்ன?

— நான் கட்டினது.

— சேசுவே!

— எங்கப்பா எப்பவும் கால்ல கறுப்புக் கயிறு கட்டியிருப்பாரு. ஆஸ்பத்திரில சேக்கறப்ப அது அறுந்துபோச்சு. கயிறு இல்லாம உள்ள போவமாட்டேன்னு சின்னப் புள்ள மாதிரி அடம் புடிச்சாரு. கடையெல்லாம் அடைச்சிக் கெடக்குது. எங்கிட்ட ஆபீஸ் பை இருந்துச்சு, அதுல டேக் இருந்துச்சு. கறுப்பு என்னப்பா பச்ச என்னப்பா, காளியாத்தாவுக்கு எல்லாம் தெரியும்னு சொல்லிக் கட்டி உட்டேன். சிரிச்சிக்கிட்டே உள்ள போனாரு. அதான் கடைசி.

— அப்ப அந்தப் பெரியவரு...

— எங்கப்பா.

— அடக் கடவுளே. அடக் கடவுளே! இத்தினி வருஷம் யாரு பெத்தவரோ, யாரு பெத்தவரோன்னு... நீயா? உன் அப்பாவா? இங்க வா. கிட்ட வா கண்ணு.

— குளுருல படுத்தா அவருக்குச் சளி புடிச்சிக்கும் சிஸ்டர். மண்ணுக்குள்ள...

— ஒண்ணும் ஆவாது. கல்லு கட்டின எடம். மேல நல்ல வெயிலு. நான் பாத்துக்கினுதான் இருக்கேன். தோண்டி எடுத்து உங்க முறைப்படி செய்யணும்னா சொல்லு, எங்க வேணும்னாலும் வந்து நிக்கறேன். எவன் குறுக்க வரான்னு பாக்கறேன்.

— வேணாம். அவரு நல்லா இருக்காரு. ஒரு பிடி மண்ணு போட ஆளு இருந்துருக்குது. எங்கம்மாவ கூட்டிக்கிட்டு வரேன். அவருக்குச் சாமந்தி புடிக்கும்.

— நான் ஒவ்வொரு வருஷமும் சாமந்திதான் வெச்சேன் கண்ணு. வேற பூ வெல கட்டுப்படியாவல... உங்கிட்ட ஒண்ணு கேக்கட்டா? கேக்கவே பயந்துக்கினு இருந்த கேள்வி அது. அந்த இன்னொரு வண்டி. சுடுகாட்டுக்குப் போனது. கூட யாராவது போனாங்களா? எங்க ஊட்டுக்காரரு அனாதப் பொணமா எரிஞ்சாரா?

— இல்ல! ஐயோ, இல்ல. நான் இருந்தேன். எனக்கு அண்ணன் தம்பி கெடையாது. பங்காளிங்க ஒருத்தரும் எட்டிப் பாக்கல. பொம்பள சுடுகாட்டுக்கு வரக்கூடாதுன்னு போன்ல மட்டும் சட்டம் பேசினாங்க. போங்கய்யான்னு நானே போனேன். பை நீளமா தெரிஞ்சிது. செத்தா ஒடம்பு நீட்டிக்கும்னு சொன்னாங்க, நம்பிட்டேன். நான்தான் கொள்ளி வெச்சேன். எரிஞ்சி முடியற வரைக்கும் நகரல. அப்பா, அப்பான்னு தொண்ட கட்டிப் போற வரைக்கும் கத்தினேன்.

— அப்பான்னா?

— அப்பான்னுதான்.

— எங்களுக்குப் புள்ள இல்லம்மா. ஒரு பொட்டப் புள்ள குடுன்னு வேளாங்கண்ணிக்கு நடந்தே போனவரு அவரு. ஒரு தடவையாவது யாராவது அப்பான்னு கூப்புட மாட்டாங்களான்னு... கூப்புட்டிருக்க. கேட்டிருப்பாரு. நிச்சயமா கேட்டிருப்பாரு.

— ஒவ்வொரு அமாவாசைக்கும் எள்ளும் தண்ணியும் விட்டேன் சிஸ்டர். தல தெவசத்துக்கு வேட்டி எடுத்து வெச்சிப் படைச்சேன்.

— அவரு ஒசரத்துக்கு வேட்டி பத்தியிருக்காது, முழங்காலுக்கு மேல ஏறியிருக்கும்... சரி, எழுந்திரு. மூஞ்சியத் தொடை. அந்த டோனி டீ குடிச்சிட்டு வரான். எஞ்சினியரு அழுவறதப் பாத்தா நாளைக்கி எவனும் உன் பேச்சக் கேக்க மாட்டான். என் பேர உடு, போவட்டும். கேக்கவேண்டியதக் கேட்டாச்சு. எனக்கு இது போதும்.

— உங்களுக்குப் போதும். எனக்குப் போதாது. டோனி அண்ணே! நாலாவது கல்லக் கொண்டாங்க. சகாயநாதன் பேருக்குக் கீழ வெட்டுங்க: சூசைமேரி, பொறந்த வருஷம், கோடு... ஆர்டரெல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க வெட்டுங்க. அதுக்கும் கீழ இன்னொரு வரி. சுமலதா, மகள். என் பொறந்த வருஷத்தப் போட்டு, பக்கத்துல ஒரு கோடு இழுத்து, அந்தாண்ட காலியா உட்டுடுங்க.