கம்பைத் தொட்ட கை

இல்ல சார், அந்தா மிதக்குற மரத்தை விட்டுடலாம். மீன் இருக்கும், இல்லேன்னு சொல்லல. புயல் முடிஞ்சா கடல்ல எது மிதந்தாலும் அதுக்கு அடியில மீன் வந்து ஒதுங்கும். கட்டை, கதவு, பிளாஸ்டிக் டிரம், எதுவா இருந்தாலும் சரி, அதுக்குத் தேவை ஒரு நிழல், அவ்வளவுதான். போன புயலப்போ ஒரு ஃபிரிட்ஜ் மிதந்துச்சு, கதவெல்லாம் போயி. அதுக்குக் கீழ அவ்வளவு மீன். உள்ள இருக்க வேண்டியதெல்லாம் வெளிய நிக்குதேன்னு சொல்லிச் சிரிச்சோம். ஆனா இந்த மரம் வேணாம். அந்தப் பக்கம் இதைவிட நல்ல இடம் இருக்கு. கம்பியைப் புடிச்சுக்கங்க, திருப்புறேன்.

உங்க ஃப்ரெண்டு எப்படி இருக்காரு, இன்னும் வாந்தியா? படுத்திருக்கட்டும், பாவம். நேத்து ஹோட்டல்ல என்ன பேச்சுப் பேசினாரு, எந்தெந்தக் கடல்ல எவ்வளவு பெரிய மீன் புடிச்சாருன்னு. கடலுக்குப் பேச்செல்லாம் தெரியாது சார். வயித்தைத்தான் கேக்கும்.

ஆமா, வேற போட் ஒண்ணுகூட இல்லதான். எப்படி இருக்கும்? பாதி கரையில கவுந்து கிடக்கு, மீதிக்கு இஞ்சின்ல மண்ணு. காலையில பாத்தீங்கல்ல, படகுத் துறையில ஒரு ஆளு உக்காந்து இஞ்சினுக்குப் பல்லு விளக்கிக்கிட்டிருந்தாரே, நெஜமாவே டூத் பிரஷ்ஷை வச்சுக்கிட்டு. என் போட் மட்டும் தப்பிச்சுது. புயல் வர்றதுக்கு முன்னாடியே டிராக்டர் வச்சு இழுத்து, ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ள கொண்டுபோய் நிறுத்திட்டேன். கிளாசுக்கு வெளிய நிக்க வச்ச பையன் மாதிரி நின்னுக்கிட்டிருந்துச்சு.

எல்லாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க. வழக்கம் வேற. அதோ, கரையோரமா பச்சையா தெரியுது பாருங்க, அலையாத்திக் காடு. அதுக்குள்ள வாய்க்கா வாய்க்காலா ஓடும். புயல்னா போட்டை அதுக்குள்ள கொண்டுபோய், நாலு பக்கமும் வேருல கயித்தைப் போட்டுக் கட்டிடுவாங்க. காத்து மேல போயிடும், அலை உள்ள வராது. கட்டிட்டு வீட்டுக்கு வந்து தூங்கவும் முடியாது. தண்ணி ஏறினா கயித்தைத் தளர்த்தணும், எறங்கினா இழுக்கணும். தாய் புள்ளைகிட்ட இருக்கற மாதிரி ஒரு ஆள் உள்ளயே கிடக்கணும். நானும் என் தங்கச்சியும் எப்பவும் ஒரே வாய்க்காலுக்குத்தான் போவோம். ரெண்டு போட்டையும் ஒட்டிக் கட்டிட்டு, நான் முழிச்சிருந்தா அவ தூங்குவா, அவ முழிச்சிருந்தா நான் தூங்குவேன்.

அப்புறம் ஏன் ஸ்கூலுக்குக் கொண்டு போனேன்னா? அவ மூஞ்சில முழிக்க வேணாம்னுதான்.

சிரிங்க, பரவால்ல. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல சார். அவளும் போட்தான் ஓட்டுறா, உங்களை மாதிரி தூண்டில் போட வர்றவங்களைத்தான் கூட்டிட்டுப் போவா. என்னைவிட அவளுக்குத்தான் கிராக்கி, அது வேற விஷயம். நான் வாய்க்காலுக்கு வருவேன்னு நினைச்சு, அவ எப்பவும் போற வாய்க்காலை விட்டுட்டு வேற எதுக்குள்ளயோ போயிட்டா. அவ வருவான்னு நினைச்சு நான் மேட்டுக்குப் போயிட்டேன். பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு ரெண்டு பேரும் நின்னோம். கடைசியில அந்த நல்ல வாய்க்கா காலியா கிடந்துச்சு.

ஆமா. இன்னும் வரல.

காத்து அடங்கியும் வரல. ஃபோன் டவர் விழுந்து கிடக்கு, வயர்லெஸ்ல கூப்பிட்டா பதில் இல்ல. ஐயோன்னு சொல்லாதீங்க சார். நேத்துலேர்ந்து ஊர்ல பாக்குறவனெல்லாம் அதைத்தான் சொல்றான். இப்பவே ஐயோன்னுட்டா அப்புறம் எதுக்குச் சொல்வீங்க?

இல்ல இல்ல, திரும்பிப் போக வேணாம். நீங்க மீன் புடிக்க வந்தீங்க, மீன் புடிங்க. எனக்கும் கையில வேலைன்னு ஒண்ணு இருந்தாத்தான் மனசு ஒரு இடத்துல நிக்கும். கரையில இருந்தா எங்கம்மா வாசலுக்கும் கட்டிலுக்கும் என்னை நடக்க விட்டே கொன்னுடுவா. ஆபரேஷன் ஆனவ, எழுந்திரிக்க முடியாது, ஆனா காது இருக்கே, துறையில ஒரு போட் வந்தா அது யாரு போட்னு படுத்துக்கிட்டே சொல்லிடுவா. ஒவ்வொரு சத்தத்துக்கும் என்னைப் பாக்குறா. நான் இல்லேன்னு தலையாட்டணும். எவ்வளவு நேரம்தான் தலையாட்டுறது சொல்லுங்க.

கண்டுபிடிச்சுட்டீங்களா. ஆமா, காலையில வாய்க்கா வாய்க்காலா நுழைஞ்சு பாத்தேன்ல, தண்ணி தெளிஞ்சிருக்கான்னு பாக்குறேன்னு சொன்னேன்ல, அது பொய்தான். தண்ணி எங்க தெளியும், டீ மாதிரி இருக்கு. கோச்சுக்காதீங்க. சரி, வாங்க, அந்தா ஒரு பலகை மிதக்குது, அதுல ஒரு வீச்சு வீசுங்க. இருங்க, முதல்ல ஒரு சுத்து சுத்தி வர்றேன். எதுக்குன்னா, ம், பலகை என்ன கலர்னு பாக்கணும்.

இது இல்ல. இது யார் வீட்டுக் கதவோ. வீசுங்க.

இன்னும் கொஞ்சம் தள்ளி. அந்த பிளாஸ்டிக் மீனை பலகையைத் தாண்டி விழ விட்டு, வேகமா இழுங்க. அதுக்குப் பசி சார், புயல் முழுக்க தின்னிருக்காது. இழுங்க, இழுங்க. ஆங், மாட்டிக்கிச்சு. தூண்டில் கம்பைத் தூக்குங்க. தூக்கி, எறக்கும்போது சுத்துங்க. ஓடும், ஓட விடுங்க. தூண்டில் நரம்பு போகட்டும், ரீல்ல நிறைய இருக்கு. அடடா, குதிக்குது பாருங்க, என்ன பச்சை, என்ன மஞ்சள். உங்க ஃப்ரெண்டு இதைப் பாக்காம படுத்திருக்காரே.

நானா? நான் புடிக்க மாட்டேன் சார். கை வலிச்சா வலிக்கட்டும், இடுப்புல முட்டுக்குடுங்க. விளையாட்டுக்குப் புடிக்கிற மீன்ல வேற ஒருத்தர் கை கம்புல பட்டா, அது உங்க மீன் கிடையாது. அதான் சட்டம். எங்க சண்டையே அதுதான்.

சுத்திக்கிட்டே கேளுங்க. ஒரு போட்டி நடந்துச்சு. அப்ப எங்க ரெண்டு பேருக்கும் ஒரே போட். அவ ஸ்டியரிங்ல, நான் பின்னாடி கஸ்டமரோட. கஸ்டமர் ஒரு பெரியவரு, பென்ஷன் வாங்குறவரு, மெலிஞ்ச உடம்பு. அவருக்கு மயில் மீன் மாட்டிச்சு. முதுகுல பாய் விரிச்ச மாதிரி துடுப்பு வச்சிருக்குமே, அது. ஆள் நீளத்துக்கு மேல இருக்கும். அந்த மனுஷன் வெயில்ல நின்னு இழுக்குறாரு இழுக்குறாரு, மீனும் விடல அவரும் விடல. கடைசியில மீன் பக்கத்துல வர்றப்போ அவருக்கு முட்டி மடிஞ்சுடுச்சு. கம்போட சேந்து கடலுக்குள்ள போறாரு. நான் என்ன செய்வேன்? புடிச்சேன். ஆளையும் புடிச்சேன், கம்பையும் புடிச்சேன். கண்ணு சிமிட்டுற நேரம். அவருக்கே தெரியாது.

கரைக்கு வந்தோம். ஊரே நிக்குது. அந்தப் போட்டியிலயே பெரிய மீன் அது. ஜட்ஜு வந்து, வேற யார் கையாவது கம்புல பட்டுச்சான்னு கேக்குறாரு. எல்லார்கிட்டயும் கேக்குற கேள்விதான். பெரியவரு இல்லேன்னாரு. நான் இல்லேன்னேன். இவ ஸ்டியரிங்கை விட்டு எறங்கி வந்து, எங்க அண்ணன் கை பட்டுச்சு சார்னா.

அவ்வளவு பேருக்கு முன்னாடி. பெரியவரு முகம் எப்படி ஆச்சு தெரியுமா? நான் கேக்குறேன், அவரு விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? அவ சொல்றா, விழாம புடிச்சது சரி, இல்லேன்னு சொன்னதுதான் தப்புன்னு. அதுல அவ ஒரு இம்மிகூட எறங்க மாட்டா. நானும் எறங்கல. இப்பவும் சொல்றேன், அவ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். அந்த மனுஷன் ஒரு நாள் சந்தோஷமா இருந்திருப்பாரு. யாருக்கு என்ன நட்டம்?

போட்டைப் பிரிச்சோம், பேச்சு நின்னுச்சு. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி பெஞ்சுல அவ அந்த முனை, நான் இந்த முனை. டீ வேணுமான்னு அவகிட்ட கேக்க நர்ஸை அனுப்பினேன். வேணாம்னு நர்ஸ்கிட்டயே சொல்லி அனுப்பினா. அந்தம்மா ரெண்டு நடை நடந்துட்டு, உங்க ரெண்டு பேருக்கும்தான் முதல்ல வைத்தியம் பாக்கணும்னு சொல்லிட்டுப் போச்சு.

வந்துடுச்சு, வந்துடுச்சு. பக்கத்துல கொண்டு வாங்க. அழகு சார். தூண்டில் முள்ளை நான் எடுக்குறேன், அது பரவால்ல, இப்ப அது உங்க மீன்தான். போட்டோ எடுத்துட்டீங்களா? இன்னொண்ணா? சரி, சீக்கிரம். விட்டுடலாம் சார், இன்னிக்கு விட்டுடலாம். அது பாட்டுக்குப் போகட்டும். உக்காருங்க, வேகமா போகப் போறேன்.

எங்கயா? இன்னும் ஒரு வாய்க்கா பாக்கி இருக்கு.

பாத்த வாய்க்காலெல்லாம் நேரா போறது, வாய்ல நின்னா கடைசி வரைக்கும் தெரியும். இது வளைஞ்சு வளைஞ்சு போகும். அவளுக்குத்தான் தெரியும் இதெல்லாம். சின்னதுல நண்டு புடிக்க இதுக்குள்ள போயி, சேத்துல செருப்பை விட்டுட்டு வந்து, ரெண்டு பேரும் ஒண்ணா உதை வாங்கியிருக்கோம். இதோ வந்துட்டோம். மெதுவா போறேன், கிளை இடிக்கும், தலையைக் குனிஞ்சுக்கங்க. பாருங்க, என்ன அடி அடிச்சிருக்குன்னு. ஒரு இலை இல்ல. வேரோட சாஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து அடைச்சுக்கிட்டிருக்கு. இதுக்கு மேல என் போட் போகாது. இறங்கி நடக்கலாம்னா இடுப்பு வரைக்கும் சேறு, நேத்தே எறங்கிப் பாத்துட்டேன், கயிறு போட்டு என்னை இழுத்தாங்க.

ஆமா, நேத்தே வந்தோம். தேடுற போட்டுல. மரம் அறுக்குற மிஷின் வேற பக்கம் போயிருக்காம், வர லேட்டாகும்னாங்க. மைக் வச்சிருந்தாங்க. கூப்பிட்டுப் பாக்கலாம், உள்ள ஆள் இருந்தா பதில் வரும், மிஷினை முதல்ல இங்க கொண்டு வந்துடலாம், இல்லேன்னா அடுத்த இடம் பாக்கலாம்னாங்க. நல்ல மனுஷங்க, குறை சொல்ல மாட்டேன். நீதான் கூடப் பொறந்தவன், உன் குரல் தெரியும், நீ கூப்பிடுன்னு மைக்கை என் கையில குடுத்துட்டாங்க.

கூப்பிட்டேன் சார். தொண்டை கட்டுற வரைக்கும் கூப்பிட்டேன். இப்ப என் குரல் இப்படி இருக்கறது அதனாலதான், நீங்க ஜலதோஷம்னு நினைச்சிருப்பீங்க. ஒரு சத்தம் வரல. சரி, இங்க யாரும் இல்லேன்னு சொல்லிட்டு அடுத்த பக்கம் போயிட்டாங்க. நானும் அவங்களோட போயிட்டேன். வீட்டுக்கு வந்து, சோத்துல கை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்போதுதான் எனக்கு உறைச்சுது. வயர்லெஸ்ல கூப்பிட்டது யாரு? நான். மைக்ல கூப்பிட்டது யாரு? நான். நான் கூப்பிட்டா அவ எப்படி சார் பதில் சொல்லுவா?

அப்படிப் பாக்காதீங்க. எனக்குப் புத்தி கலங்கல. ஊர்ல யார்கிட்டயாவது சொன்னா, நீங்க இப்ப பாக்குற மாதிரிதான் பாப்பாங்க. தோளைத் தட்டிக் குடுப்பாங்க. அவளைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. காலு உடைஞ்சு கிடந்தாலும் என்கிட்ட வாய் தொறக்க மாட்டா. ஆனா கஸ்டமர் கூப்பிட்டா, காய்ச்சல்ல கிடந்தாலும் எழுந்து உக்காந்து, சொல்லுங்க சார்னுவா. அதனாலதான் நேத்து ராத்திரி உங்க ஹோட்டலுக்கு வந்து அவ்வளவு கெஞ்சினேன். மீனெல்லாம் சும்மா.

இஞ்சினை நிறுத்திட்டேன். உள்ள படுத்திருக்கறவரையும் எழுப்புங்க, ரெண்டு குரலா இருந்தா நல்லது. பேரெல்லாம் வேணாம், கேப்டன்னு கூப்பிடுங்க, கஸ்டமருங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க. நாளைக்கு போட் இருக்கான்னு கேளுங்க. சாதாரணமா, துறையில நின்னு கேக்குற மாதிரி. நான் இங்க கீழ குனிஞ்சு உக்காந்துக்கறேன், என் தலை தெரிய வேணாம்.

ம், கேளுங்க சார்.